ஒரே போர்ட், மூன்று திரை: எந்த வழியில் இணைப்பது?

புது மானிட்டர் வாங்கியாயிற்று. பழையதும் நன்றாகத்தான் இருக்கிறது, தூக்கிப்போட மனம் வரவில்லை. லேப்டாப்பின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தால் ஒரு எச்டிஎம்ஐ, ஒன்றோ இரண்டோ யுஎஸ்பி-சி. அப்போது கண்ணில் படுகிறது ஒரு டாக், அதாவது லேப்டாப்பின் ஒரு போர்ட்டைப் பல போர்ட்டாக்கித் தரும் பெட்டி: பின்னால் இரண்டு எச்டிஎம்ஐ, ஒரு டிஸ்ப்ளேபோர்ட், பெட்டியில் "மூன்று மானிட்டர் வரை" என்ற வாசகம். வாங்கி மாட்டினால் இரண்டு மானிட்டரிலும் ஒரே படம் வருகிறது. அல்லது ஒன்று கறுப்பாகவே நிற்கிறது. அல்லது எல்லாம் வருகிறது, ஆனால் மவுஸ் அம்பு சேற்றில் நடப்பதுபோல் நகர்கிறது.

டாக்கின் பின்னால் எத்தனை ஓட்டை இருக்கிறது என்று எண்ணி முடிவெடுப்பதால் வரும் வினை இது. எண்ண வேண்டியது வேறு இரண்டு: உங்கள் கணினியிலிருந்து எத்தனை தனித்தனிப் படங்கள் வெளியே வருகின்றன, அவை எவ்வளவு அகலமான குழாய் வழியாக வருகின்றன. இந்த இரண்டும் தெரிந்துவிட்டால், இருக்கும் நான்கு வழிகளில் இரண்டு தானாகவே கழன்றுவிடும்.

## முதலில் பார்க்க வேண்டியவை

கணினி எத்தனை திரைகளுக்குப் படம் தரும்? ஒவ்வொரு கிராபிக்ஸ் சிப்புக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. பழைய இன்டெல் உள்ளமை கிராபிக்ஸில் அது பெரும்பாலும் 3. 11ஆம் தலைமுறை லேப்டாப் சிப்களிலிருந்து 4. என்விடியா ஜிஃபோர்ஸ் கார்டுகளில் பொதுவாக 4. லேப்டாப்பின் சொந்தத் திரையும் இந்தக் கணக்கில் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வரம்பு 3 என்றால், மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு வெளியே இரண்டுதான்.

குழாய் எவ்வளவு அகலம்? இதைக் கையாலேயே கணக்குப் போடலாம். 1920×1080 என்றால் 20,73,600 புள்ளிகள். புள்ளிக்கு 24 பிட், நொடிக்கு 60 முறை (இதைத்தான் 60 ஹெர்ட்ஸ் என்கிறோம்). பெருக்கினால் சுமார் 300 கோடி பிட், அதாவது 3 கிகாபிட். படத்துக்கும் படத்துக்கும் நடுவே விடும் இடைவெளியையும் சேர்த்தால் ஏறக்குறைய 3.5. இதே கணக்கில் 60 ஹெர்ட்ஸில் 1440பி (2560×1440) மானிட்டருக்குச் சுமார் 5.8, 4கே (3840×2160) மானிட்டருக்குச் சுமார் 12.8. ஹெர்ட்ஸ் இரட்டிப்பானால் இதுவும் இரட்டிப்பாகும். 144 ஹெர்ட்ஸ் கேமிங் மானிட்டர் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

எந்த இயங்குதளம்? விண்டோஸா, லினக்ஸா, மேக்கா? ஒரு வழியை இந்தக் கேள்வியே மொத்தமாக அடித்துவிடும். கீழே சொல்கிறேன்.

என்ன வேலை? கோடிங், எழுத்து, கணக்குத் தாள் என்றால் ஒரு கணக்கு. கேம், வீடியோ எடிட்டிங், வண்ணத் திருத்தம் என்றால் வேறு கணக்கு.

தினமும் கழற்றி மாட்டுவீர்களா? லேப்டாப்பைக் காலையில் வைத்து மாலையில் எடுத்துப் போகிறவருக்கு ஒரே கேபிள் என்பது பெரிய வரம். மேசையை விட்டு நகராத டெஸ்க்டாப்புக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

## வழி 1: மானிட்டருக்கு ஒரு போர்ட், போர்ட்டுக்கு ஒரு கேபிள்

இதுதான் எஸ்எஸ்டி (SST, சிங்கிள் ஸ்ட்ரீம் டிரான்ஸ்போர்ட்) முறை. ஒரு கேபிளில் ஒரே ஒரு படம். டெஸ்க்டாப் கிராபிக்ஸ் கார்டுகளின் பின்னால் மூன்று டிஸ்ப்ளேபோர்ட்டும் ஓர் எச்டிஎம்ஐயும் சேர்த்து வைப்பது இதற்காகத்தான்.

எஸ்எஸ்டியில் குழாய் முழுவதும் ஒரு மானிட்டருக்கே சொந்தம். உயர் ஹெர்ட்ஸ், எச்டிஆர் (கூடுதல் ஒளி, வண்ண வீச்சு), ஃப்ரீசிங்க் அல்லது ஜி-சிங்க் (மாறும் ஹெர்ட்ஸ்) எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும் வழி இது. கணினி இயங்குதளத்துக்கு முன்பே காட்டும் பயாஸ் அமைப்புத் திரைகூட வரும். ஏதாவது கெட்டால் எந்தக் கேபிள் என்று கழற்றிப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

மறைவான செலவு மாற்றிகளில் இருக்கிறது. கார்டில் டிஸ்ப்ளேபோர்ட், மானிட்டரில் எச்டிஎம்ஐ என்றால் நடுவில் ஒன்று வேண்டும். மலிவான மாற்றிகள் தாமாக எதையும் மாற்றுவதில்லை. "சரி, இனி எச்டிஎம்ஐ பேசு" என்று கார்டிடம் சொல்வதோடு அவற்றின் வேலை முடிந்தது. அதனால் அவை ஒரு திசையில் மட்டுமே வேலை செய்யும். லேப்டாப்பின் எச்டிஎம்ஐயிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட் மட்டுமே உள்ள மானிட்டருக்குப் போக, உள்ளே சிப் வைத்த, பெரும்பாலும் தனி மின்சாரம் கேட்கிற மாற்றி வேண்டும். பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

இன்னொரு பொறி: உங்கள் டெஸ்க்டாப்பில் தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கும்போது, மதர்போர்டின் எச்டிஎம்ஐயில் ஒரு மானிட்டரைச் செருகுவது. பல கணினிகளில் அந்த ஓட்டை அப்போது அணைந்திருக்கும். பயாஸில் போய் உள்ளமை கிராபிக்ஸை இயக்கினால்தான் உயிர் வரும்.

போர்ட் போதுமான அளவு இருந்தால் இதையே செய்யுங்கள். கீழே வரும் மூன்றும் போர்ட் போதாதவர்களுக்கும் ஒரே கேபிள் வேண்டுபவர்களுக்கும்தான்.

## வழி 2: ஒரே கேபிளில் பல படங்கள், எம்எஸ்டி

2010இல் வந்த டிஸ்ப்ளேபோர்ட் 1.2, எம்எஸ்டி (MST, மல்டி ஸ்ட்ரீம் டிரான்ஸ்போர்ட்) என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஒரு கேபிளில் பல தனித்தனிப் படங்களை அனுப்பி, மறுமுனையில் பிரித்துக்கொள்வது. இதற்கு இரண்டு உருவம்: ஒரு போர்ட்டில் நுழைந்து இரண்டு மூன்றாகப் பிரியும் ஹப்; அல்லது முதல் மானிட்டரின் "டிபி அவுட்" என்ற டிஸ்ப்ளேபோர்ட் வெளிவாயிலிருந்து அடுத்த மானிட்டருக்கு, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு என்று தொடுத்துக்கொண்டே போகும் டெய்ஸி செயின். சாதாரண யுஎஸ்பி-சி டாக் ஒன்றில் இரண்டு மானிட்டர் வாய் இருந்தால், பெரும்பாலும் அதற்குள் இருப்பதும் எம்எஸ்டி ஹப்தான்.

உள்ளே நடப்பதை ரயிலாக நினைத்துக்கொள்ளலாம். டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் 64 பெட்டி கொண்ட ரயில்கள் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. முதல் பெட்டி ரயில்வே கார்டுக்கு (guard), அதாவது நிர்வாகத் தகவலுக்கு. மீதி 63 பெட்டிகளை மானிட்டர்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒரு மானிட்டருக்கு இத்தனை பெட்டி என்று இணைக்கும்போதே ஒதுக்கியாக வேண்டும். பெட்டி தீர்ந்துவிட்டால் அடுத்த மானிட்டருக்கு இடமில்லை. மூன்றாவது மானிட்டர் கறுப்பாக நிற்பதற்கு முக்கியமான காரணம் இதுதான். கெட்டுப்போனதாக நினைத்துத் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு.

டிபி 1.2இன் முழு வேகம் (எச்பிஆர்2 என்பார்கள்) நொடிக்கு 21.6 கிகாபிட். 8 பிட்டை 10 பிட்டாக்கி அனுப்புவதால் ஐந்தில் ஒரு பங்கு போய், கையில் மிஞ்சுவது 17.28. அதை 64ஆல் வகுத்தால் பெட்டிக்கு 0.27. இப்போது கணக்கைப் பாருங்கள். 1080பி மானிட்டர் ஒன்றுக்கு 14 பெட்டி. நான்கு மானிட்டருக்கு 56, வசதியாக ஏறிவிடும். 1440பி ஒன்றுக்கு 22. இரண்டு தாராளம், மூன்று என்றால் 66, இடமில்லை. (இடைவெளியைச் சுருக்கும் டைமிங் வைத்துச் சிலருக்கு மூன்றாவதும் நுழைந்துவிடுகிறது. அதை நம்பி வாங்காதீர்கள்.) 4கே ஒன்றுக்கு 48, மீதி 15இல் ஒரு 1080பி நூலிழையில் ஏறும், அவ்வளவுதான்.

எச்பிஆர்3 உள்ள டிபி 1.4இல் மிஞ்சுவது 25.92 கிகாபிட். அதில் மூன்று 1440பி வசதியாகப் போகும். இரண்டு 4கே விளிம்பில் நிற்கும். படத்தைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் சுருக்கும் டிஎஸ்சி வசதி கணினியிலும் ஹப்பிலும் இருந்தால் இந்த நெருக்கடி பெரும்பாலும் தீர்ந்துவிடும். கணினி, ஹப் இரண்டிலும் வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒன்று 1.4ஆகவும் மற்றது 1.2ஆகவும் இருந்தால் கேபிள் ஓடுவது 1.2 வேகத்தில்தான்.

யுஎஸ்பி-சி டாக்குகளில் இன்னொரு ரகசியம். யுஎஸ்பி-சி கேபிளில் வேகத் தடங்கள் நான்கு. டாக் உங்களுக்கு யுஎஸ்பி 3 வேகமும் தர வேண்டுமென்றால் அதற்கு இரண்டு தடத்தை எடுத்துக்கொண்டு, படத்துக்கு இரண்டை மட்டும் விடும். 17.28 என்பது 8.64 ஆகிவிடும். இரண்டு 1080பி போகும். ஒரு 4கே மானிட்டர்கூட 60 ஹெர்ட்ஸில் போகாது; 30க்கு இறங்கிவிடும். மவுஸ் சேற்றில் நடக்கும் கதை இங்கேதான் தொடங்குகிறது. எச்பிஆர்3 உள்ள லேப்டாப்பும் டாக்கும் சேர்ந்தால் இரண்டு தடத்திலேயே 12.96 கிடைக்கும், ஒரு 4கே அல்லது இரண்டு 1440பி.

அப்புறம், மேக். மேக்ஓஎஸ் எம்எஸ்டி வழியாக ஒரு கேபிளில் பல தனித் திரைகளை நீட்டித் தராது. எம்எஸ்டி டாக்கை மேக்கில் மாட்டினால் எல்லா மானிட்டரிலும் ஒரே படம் வரும். அதே டாக் அதே மேசையில் விண்டோஸ் லேப்டாப்பில் இரண்டு தனிப் படம் தரும். மேக் பயனர்கள் மூன்றாம் வழிக்கு நேராகத் தாவலாம்.

நான் முதன்முதலில் டெய்ஸி செயின் போட்டபோது இரண்டாவது மானிட்டர் ஒரு மணி நேரம் கண்ணே திறக்கவில்லை. மூன்று கேபிள் மாற்றினேன், டிரைவர் மூன்று முறை நிறுவினேன். கடைசியில் முதல் மானிட்டரின் சொந்த மெனுவுக்குள் எம்எஸ்டி என்ற ஒரு வரி "ஆஃப்" என்று சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. பல மானிட்டர்களில் அது அணைந்த நிலையில்தான் வரும். தொடரின் நடுவில் உள்ளவற்றில் அதை இயக்க வேண்டும், கடைசி மானிட்டரில் அணைத்தே வைக்க வேண்டும்.

மறைவான செலவுகள் என்று பார்த்தால்: தூக்கத்திலிருந்து கணினி எழும்போது மானிட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுவதால் ஜன்னல்கள் இடம் மாறிக் கிடக்கும். செயினில் முதல் மானிட்டரை அணைத்தால் பின்னால் இருப்பவையும் போய்விடலாம். மாறும் ஹெர்ட்ஸ் வசதியைப் பெரும்பாலும் மறந்துவிட வேண்டியதுதான். டிபி அவுட் உள்ள மானிட்டர்கள் அது இல்லாதவற்றைவிட விலை கூடியவை; ஏற்கெனவே மானிட்டர் வைத்திருப்பவருக்கு ஹப்தான் லாபம்.

விண்டோஸ் அல்லது லினக்ஸ், இரண்டு மூன்று 1080பி அல்லது இரண்டு 1440பி, அலுவலக வேலை: எம்எஸ்டிக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. டிரைவர் வேண்டாம், சிபியு சுமை இல்லை, படத்தில் தரக்குறைவு இல்லை.

## வழி 3: தண்டர்போல்ட் டாக்

தண்டர்போல்ட் 3, 4 இரண்டும் நொடிக்கு 40 கிகாபிட் குழாய்கள். அவற்றுக்குள் இரண்டு தனி டிஸ்ப்ளேபோர்ட் இணைப்புகளைச் சுரங்கப்பாதைபோல் அனுப்பலாம். கணினியின் பார்வையில் அவை இரண்டு தனிக் கேபிள்கள். எம்எஸ்டி இல்லாமலேயே இரண்டு மானிட்டர் கிடைப்பதால் மேக்கிலும் இது வேலை செய்கிறது. தண்டர்போல்ட் 4 என்று முத்திரை பெற்ற கணினி இரண்டு 4கே திரைகளைத் தாங்கியே ஆக வேண்டும் என்பது விதி; தண்டர்போல்ட் 3க்கு ஒன்றுதான் கட்டாயம். 2023இல் அறிவிக்கப்பட்ட தண்டர்போல்ட் 5, 80 கிகாபிட் வரை போகிறது. திரைக்காகத் தேவைப்பட்டால் ஒரு திசையில் 120 வரை.

மேக்கில் ஒரு முக்கியமான எச்சரிக்கை. டாக் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் சிப்பின் வரம்பைத் தாண்ட முடியாது. அடிப்படை எம்1, எம்2 சிப் உள்ள மேக்புக்குகள் வெளியே ஒரே ஒரு திரைதான் தரும். எம்3 மேக்புக் ஏரில் மூடியை மூடினால் இரண்டாவது கிடைக்கும். எம்4 ஏரில் மூடி திறந்திருக்கும்போதே இரண்டு. ப்ரோ, மேக்ஸ் வகைச் சிப்களில் இந்த நெருக்கடி இல்லை. டாக்கின் விலையைப் பார்ப்பதற்கு முன் ஆப்பிள் மெனுவில் சிப்பின் பெயரைப் பாருங்கள்.

செலவு மறைவாக இல்லை, வெளிப்படையாகவே இருக்கிறது: டாக் விலை அதிகம், கேபிளும் விலை அதிகம், கனமான மின் அடாப்டர் ஒன்று மேசைக்கடியில் வந்து குடியேறும். மறைந்திருப்பது பொருத்தப் பிரச்சினை. யுஎஸ்பி-சியும் தண்டர்போல்ட்டும் ஒரே வடிவ ஓட்டை. சாதாரண யுஎஸ்பி-சியில் தண்டர்போல்ட் 3 காலத்து டாக் சிலவற்றை மாட்டினால் ஒன்றுமே வராது. புதியவை பெரும்பாலும் குறைந்த வசதியோடு ஓடும். ஓட்டைக்குப் பக்கத்தில் மின்னல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். குறி இல்லையென்றால் லேப்டாப்பின் விவரக்குறிப்பைப் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும். ஃபோன் சார்ஜரோடு வந்த கேபிளை எடுத்து மாட்டிவிட்டு டாக்கைத் திட்டுவதும் நடக்கிறது. அந்தக் கேபிள் பெரும்பாலும் சார்ஜுக்கும் மெதுவான யுஎஸ்பிக்கும் மட்டும்தான், படம் போகாது.

இரண்டு 4கே, தினமும் கழற்றி மாட்டும் லேப்டாப், கூடவே வேகமான எஸ்எஸ்டி வட்டும் வேண்டும் (சேமிப்பு வட்டைச் சொல்கிறேன், பெயர்க் குழப்பத்துக்கு நான் பொறுப்பல்ல) என்றால் பணம் இதற்குத்தான் போக வேண்டும்.

## வழி 4: டிஸ்ப்ளேலிங்க்

இது வேறு ஜாதி. கிராபிக்ஸ் சிப்பின் திரை வெளியீட்டையே இது தொடுவதில்லை. ஒரு மென்பொருள் திரையைப் படமெடுத்து, சுருக்கி, சாதாரண யுஎஸ்பி வழியாக அனுப்புகிறது. டாக்கில் உள்ள சிப் அதை விரித்து மானிட்டருக்குத் தருகிறது. அதனால்தான் வன்பொருள் "முடியாது" என்று சொன்ன இடத்திலும் இது முடிகிறது. எம்1 மேக்புக்கில் இரண்டாவது, மூன்றாவது வெளித்திரை வேண்டுமா? யுஎஸ்பி-ஏ மட்டும் உள்ள பழைய லேப்டாப்பா? வழி இதுதான்.

விலை வேறிடத்தில் கொடுக்கிறீர்கள். சுருக்கும் வேலையில் சிபியு சேர்ந்துகொள்கிறது; திரையில் நிறைய அசைந்தால் விசிறி சுழல ஆரம்பிக்கும். எழுத்து வேலையில் இது தெரியவே தெரியாது. கேமில் உடனே தெரியும். மேக்கில் இது திரைப்பதிவு அனுமதி கேட்கும், பயந்துவிடாதீர்கள், இது இயங்கும் விதமே அதுதான். ஆனால் அதே காரணத்தால் காப்புரிமைப் பூட்டுள்ள படங்களும் தொடர்களும் அங்கே கறுப்பாகத் தெரியக்கூடும். டிரைவர் ஏறும்வரை திரை வராது, ஆகவே பயாஸ் திரையைப் பார்க்க முடியாது. லினக்ஸில் கெர்னல் (அதன் மையப் பகுதி) புதுப்பித்த மறுநாள் மானிட்டர் வராமல் போகலாம். அலுவலக லேப்டாப் என்றால் மென்பொருள் நிறுவ உங்களுக்கு அனுமதி இருக்கிறதா என்பதை டாக் வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

## ஒரு பார்வையில்

| | தனிப் போர்ட் | எம்எஸ்டி | தண்டர்போல்ட் | டிஸ்ப்ளேலிங்க் |
|---|---|---|---|---|
| கூடுதல் செலவு | கேபிள், மாற்றி | குறைவு முதல் நடுத்தரம் | அதிகம் | நடுத்தரம் |
| ஒரே கேபிள் | இல்லை | ஆம் | ஆம் | ஆம் |
| மேக்கில் பல தனித் திரை | ஆம், சிப் வரம்புவரை | இல்லை | ஆம், சிப் வரம்புவரை | ஆம், வரம்பைத் தாண்டியும் |
| டிரைவர் | வேண்டாம் | வேண்டாம் | திரைக்கு வேண்டாம் | கட்டாயம் |
| இரண்டு 4கே, 60 ஹெர்ட்ஸ் | ஆம் | டிபி 1.4, டிஎஸ்சி இருந்தால் | ஆம் | டாக்கைப் பொறுத்து |
| கேம், உயர் ஹெர்ட்ஸ் | மிகப் பொருத்தம் | பொருந்தாது | ஓரளவு | வேண்டாம் |
| வழக்கமான தொல்லை | மாற்றிக் குழப்பம் | தூக்கம் கலையும்போது | போர்ட், கேபிள் குழப்பம் | புதுப்பிப்புகள் |

எச்டிஎம்ஐ ஸ்பிளிட்டர் ஏன் பட்டியலில் இல்லை என்று கேட்கலாம். எச்டிஎம்ஐயில் எம்எஸ்டிக்கு இணையான ஏற்பாடு கிடையாது. ஸ்பிளிட்டர் ஒரே படத்தை நகலெடுத்து இரண்டு இடத்துக்குத் தரும். கூட்ட அரங்குக்குச் சரி, வேலை மேசைக்கு உதவாது.

## கலந்தும் செய்யலாம்

நான்கில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. எச்டிஎம்ஐயும் யுஎஸ்பி-சியும் உள்ள விண்டோஸ் லேப்டாப்புக்கு இரண்டு மானிட்டர் போதுமென்றால் டாக்கே வேண்டாம்: ஒன்று எச்டிஎம்ஐயில், ஒன்று யுஎஸ்பி-சியிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில். எனக்குத் தெரிந்து பாதிப் பேரின் பிரச்சினை இங்கேயே முடிந்துவிடும். மூன்று வேண்டுமென்றால் பெரிய மானிட்டரை எச்டிஎம்ஐயில் தனியாக விட்டு, சிறிய இரண்டையும் எம்எஸ்டி ஹப்பில் போடுங்கள். பெட்டிக் கணக்கு இலகுவாகும். கேமிங் டெஸ்க்டாப்பில் முதன்மை மானிட்டருக்குத் தனிக் கேபிள், பக்கத்தில் அரட்டையும் பாட்டும் ஓடும் மானிட்டருக்கு எந்த வழியானாலும் சரி. எம்1 மேக்கில் நல்ல மானிட்டரை நேரடியாகவும், மின்னஞ்சல் மட்டும் திறந்து கிடக்கும் மானிட்டரை டிஸ்ப்ளேலிங்க் வழியாகவும் ஓட்டுவதுதான் பலருக்கும் ஒத்துவரும் ஏற்பாடு.

எதை வாங்கினாலும், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் ஒரு சோதனை செய்யுங்கள். எல்லா மானிட்டரையும் இணைத்து, திரை அமைப்புகளில் ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனை ஹெர்ட்ஸ் என்று பாருங்கள். 30 என்று இருந்தால் முதலில் கேபிள், பிறகு தடக் கணக்கு. அடுத்து கணினியைத் தூங்கவைத்து எழுப்புங்கள், ஐந்தாறு தடவை. முதல் தடவை ஒழுங்காக எழுந்த டாக்கும் அடுத்தடுத்த தடவைகளில் தோற்கலாம்.